மைனஸ் எட்டு

காலை 9.40. தொழிற்சாலையின் பின்பக்கத்துக் குழியிலிருந்து வந்துகொண்டிருந்த கடப்பாரைச் சத்தம் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. குழி வெட்டுகிறவன் நடுவில் மூச்சு வாங்குவது வழக்கம்தான்.

9.50க்கு டீ கொண்டுபோன அம்மாள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். டம்ளர்களோடு தட்டைக் கீழே போட்டுவிட்டு, ஆட்களைத் தேடி ஓடினாள்.

இடுப்பளவு ஆழத்தில் அவன் சரிந்து கிடந்தான். கடப்பாரையின் நுனி ஒரு கறுப்புக் கேபிளுக்குள் இறங்கியிருந்தது. அந்தக் கேபிள் ஒரு காலத்தில் பழைய பம்ப் அறைக்குப் போனது. பம்ப் அறையை இடித்து நான்கு வருடம் ஆகிறது. கேபிளில் இருந்த மின்சாரத்தை நிறுத்தத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

காலை 11.05. இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினாள். போலீஸ் தேர்வு எழுதுவதற்கு முன் நான்கு வருடம் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். ஸ்டேஷனில் அவள் முதுகுக்குப் பின்னால் 'டீச்சர்' என்றுதான் பேச்சு. அவளுக்கும் அது தெரியும், தெரியாதது மாதிரி இருந்துகொள்வாள். கூட வந்த ஏட்டுக்குக் கணக்கு என்றாலே ஆகாது. ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை பார்த்தவர்.

மேனேஜர் வாசலிலேயே ஒரு ஃபைலோடு காத்திருந்தார்.

"ரொம்ப சிம்பிள் மேடம். எங்க டிராயிங் செக்‌ஷன் பொண்ணு போட்ட கோடு தப்பு. இதோ அவளோட தாள், அவளோட இனிஷியல். ஒப்புக்கிட்டு லெட்டர் கொடுக்கச் சொல்லியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுடுவா."

"லெட்டரை எழுதினது யாரு?"

"அது... ஆபீஸ்லதான் டைப் பண்ணினோம்."

"நல்ல வேகம்" என்றாள் இன்ஸ்பெக்டர். "செத்து ரெண்டு மணி நேரம்கூட ஆகலை."

அவள் ஃபைலைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு வரைபடத் தாள். தலைப்பு: 'குழி அனுமதி'. ஆறு மாதத்துக்கு முன்புதான் இந்த நடைமுறை வந்தது. வளாகத்தில் எங்கே குழி வெட்டினாலும் பூமிக்கடியில் கேபிள் எந்தக் கோட்டில் போகிறது என்று கணக்குப் போட்டு, அதன் சமன்பாட்டை ஓரத்தில் எழுதி, குழி அதிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி இருக்கிறது என்று காட்டவேண்டும்.

வளாகம் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தது. அகலம் நாற்பது மீட்டர், நீளம் நூற்று அறுபது. பின்சுவரும் மேற்குச் சுவரும் சேரும் மூலைதான் பூஜ்யம். தாளில் முதன்மைக் கேபிளின் சமன்பாடு அச்சடித்தே இருந்தது: y = ½x + 20. அதில் (20, 30) என்ற இடத்தில் ஒரு இணைப்புக் கல். கிளைக் கேபிள் எல்லாம் முதன்மைக் கேபிளுக்குச் செங்குத்தாகத்தான் பிரியவேண்டும் என்பது அந்தத் தொழிற்சாலையின் பழைய விதி. கல்லிலிருந்து பழைய பம்ப் அறைப் பக்கம் பிரிந்த கிளைக்குப் பென்சிலில் எழுதியிருந்தது: y = −8x + 190. குழியின் இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி: (28, 14). கீழ்மூலையில் பொடி எழுத்தில் அளவு: குறுக்கே ஒரு கட்டம் ஒரு மீட்டர், நெடுக்கே ஒரு கட்டம் இரண்டு மீட்டர். அதன் பக்கத்தில் மையில் இனிஷியல்.

இன்ஸ்பெக்டர் டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஏட்டு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். குழி மேற்குச் சுவரிலிருந்து சரியாக இருபத்தெட்டு மீட்டர், பின்சுவரிலிருந்து பதினான்கு. தாளில் சொன்ன இடத்தில்தான் வெட்டியிருக்கிறார்கள். தாள்படி கேபிள் அங்கிருந்து ஆறு மீட்டர் மேற்கே, இருபத்திரண்டில் போகவேண்டும். ஆனால் அது குழிக்குள்ளேயே கிடந்தது.

"இந்த ஃபைல் காலைலேர்ந்து யார்கிட்ட இருந்துச்சு?"

"பத்து மணிக்கு நான்தான் எடுத்து வெச்சேன். பாதுகாப்புக்காக" என்றார் மேனேஜர்.

"ஒரு மணி நேரம் தனியா?"

"மேடம், நான் அக்கவுன்ட்ஸ் படிச்சவன். எனக்கு இதுல தலையும் புரியாது, வாலும் புரியாது."

ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவருக்கு ஆள் கிடைத்துவிட்டது.

பகல் 12.20. மேஸ்திரியின் அறை. அவர் சைட் சூப்பர்வைசர். கொத்தனாராக வந்து முப்பது வருடத்தில் சூப்பர்வைசர் ஆனவர், பழைய பெயர் மட்டும் மாறவில்லை. வளாகத்தில் எந்தச் சுவரின் மூலையையும் அளந்து பார்க்கலாம், ஒரு நூல்கூடப் பிசகாது. அது அவர் வைத்த மூலை.

இன்ஸ்பெக்டர் நுழைந்தபோது அவர் சுவரில் தொங்கிய காலண்டர் கோணலாக இருப்பதைச் சரிசெய்துகொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்த, செங்கோணம் பார்க்கும் பிளாஸ்டிக் மூலைமட்டத்தை ஜன்னல் சட்டத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்து, காலண்டரை ஒரு விரல் நகர்த்தினார். கண்கள் சிவந்திருந்தன.

"அவனை வேலைக்குச் சேர்த்ததே நான்தாம்மா. அண்ணே அண்ணேன்னு பின்னாடியே சுத்துவான்."

"தாள் உங்க கைக்கு எப்ப வந்துச்சு?"

"நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணு என் மேஜைல வெச்சுட்டுப் போயிடுச்சு. இன்னிக்குக் காலைல ஏழேகாலுக்கு எடுத்தேன். தாள்ல இருந்த இடத்துல சுண்ணாம்பு போட்டுக் காட்டினேன். அவ்வளவுதான்."

"தாள்ல நீங்க ஏதாவது?"

"நான் எதையும் தொடலைம்மா." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அது நல்ல பொண்ணு. பிள்ளைக்கு நேத்து காய்ச்சல். அவசரத்துல கோணலா போட்டுருச்சு போல. பார்த்து, கொஞ்சம் கருணையா எழுதிக்குங்க."

அவர் உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் பேசினார். அது இன்ஸ்பெக்டருக்குப் பிறகும் மனத்தை விட்டுப் போகவில்லை.

பகல் 1.15. டிராயிங் செக்‌ஷனில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை டாக்டரிடம் காட்ட விடுப்பு கேட்டிருந்தவளை, பாதி வழியிலிருந்து திரும்ப வரவழைத்திருந்தார்கள். மேஜையில் ஒரு கால்குலேட்டர், கூராக்கிய கெட்டிப் பென்சில் இரண்டு, தண்ணீர் பாட்டில், குழந்தையின் மருந்துச் சீட்டு. டைப் செய்த லெட்டர் நடுவில் கிடந்தது. பேனா மூடி கழன்றிருந்தது.

"நான்தான் மேடம் கொன்னுட்டேன்" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

"தாளைப் பாருங்க. உங்களுதா?"

அவள் இனிஷியலைப் பார்த்தாள். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

"என் இனிஷியல்தான். நேத்து அஞ்சு மணிக்கு வீட்லேர்ந்து போன் மேல போன். குழந்தைக்கு நூத்தி மூணு டிகிரி. கைல எழுதிக்கிட்டே பேசினேன். என்ன எழுதினேன்னு இப்ப சுத்தமா ஞாபகம் இல்ல. அந்த அவசரத்துல தப்பு பண்ணியிருப்பேன் மேடம். வேற யாரு பண்ணியிருக்க முடியும்?"

"கணக்கு போட்ட காகிதம்?"

"போட்டவுடனே கிழிச்சுப் போட்டுடுவேன். குப்பையை காலைல எடுத்துட்டுப் போயிட்டாங்க."

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினாள். "ஒரு கோட்டோட சாய்வு முக்கால். அதுக்குச் செங்குத்தா ஒரு கோடு, எட்டு கமா ஒண்ணு வழியா போகுது. சமன்பாடு எழுதுங்க."

"இப்பவா?"

"இப்பவேதான்."

அழுதுகொண்டே எழுதினாள். முக்காலைத் திருப்பிப் போட்டு மூன்றில் நான்கு, குறி மாற்றி மைனஸ், பிறகு புள்ளியை வைத்து மீதி. அரை நிமிடம் ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் இன்னும் இரண்டு கொடுத்தாள். நடுவில் வீட்டிலிருந்து போன் வந்தது. தோளில் போனை இடுக்கிக்கொண்டு, "துணியை நனைச்சு நெத்தில போடுங்க அத்தை" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதையும் முடித்தாள். மூன்றும் சரி.

"மூலைமட்டம் இருக்கா உங்ககிட்ட?"

"இல்ல மேடம். எனக்கு அது தேவைப்படாது. ரெண்டு புள்ளி கண்டுபிடிச்சு ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டுடுவேன்."

"அந்த லெட்டர்ல கையெழுத்து போடாதீங்க" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் எழுந்தாள்.

பகல் 2.30. கான்டீனின் மூலை மேஜை. ஏட்டு பொறுமை இழந்துவிட்டார்.

"மேனேஜர்தான் மேடம். கம்பெனி மாட்டிக்கக் கூடாதுன்னு ரூமைப் பூட்டிக்கிட்டு மாத்தி எழுதிட்டாரு. இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கணுமா?"

"அவர் மாத்தினது பத்து மணிக்கு மேலன்னா, குழி ஏன் ஏழரைக்கே அந்த இடத்துக்குப் போச்சு? தாள் முதல்ல தப்பாச்சு, அப்புறம்தான் குழி."

ஏட்டு யோசித்தார். "அப்ப அந்தப் பொண்ணுதான்."

"நான் நாலு வருஷம் பேப்பர் திருத்தியிருக்கேன் ஏட்டய்யா. பிள்ளைங்க சரியா போடுறது ஒரே மாதிரிதான் இருக்கும். தப்பாப் போடுறதுலதான் யார் யாருன்னு தெரியும். முதன்மைக் கேபிளோட சாய்வு அரை. செங்குத்துக்கு ரெண்டு வேலை செய்யணும். தலைகீழாத் திருப்பணும், குறியை மாத்தணும். அரையைத் திருப்பினா ரெண்டு. குறி மாத்தினா மைனஸ் ரெண்டு. ரெண்டையும் பெருக்கினா மைனஸ் ஒண்ணு வரும், அதுதான் சோதனை. அவசரத்துல குறியை மறந்தா ரெண்டு. திருப்ப மறந்தா மைனஸ் அரை. ரெண்டையும் மறந்தா வெறும் அரை. அவசரக்காரங்க போய் விழற குழி இந்த மூணுதான்."

"தாள்ல என்ன இருக்கு?"

"மைனஸ் எட்டு."

ஏட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அது இந்தக் கணக்குலயே இல்லையே."

"இல்ல. எந்த அவசரத்துலயும் அரை எட்டாகாது."

அவள் தாளின் கீழ்மூலையில் இருந்த பொடி எழுத்தை மறுபடி படித்தாள். பிறகு ஏட்டின் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். அதன் முனையை இணைப்புக் கல்லின் மேல் பொருத்தி, ஒரு விளிம்பை முதன்மைக் கேபிளின் மேல் வைத்தாள். வைத்த நோட்டை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. அவள் டீ ஆறிப்போனது.

மாலை 4.10. மேனேஜரின் அறை. மேனேஜர், மேஸ்திரி, அந்தப் பெண். சுவரோரம் இறந்தவனின் மனைவி, பிரேத அறையிலிருந்து நேரே வந்திருந்தாள். அழுது முடித்த முகம். யார் என்று சொன்னால் போதும் என்ற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"மேஸ்திரி, இந்தத் தாள்ல ஒரு நிமிஷம் உங்க மூலைமட்டத்தை வெச்சுக் காட்டுங்க" என்றாள் இன்ஸ்பெக்டர். "முதன்மைக் கேபிளும் கிளையும் சேர்ற இடத்துல."

மேஸ்திரி தயங்கவில்லை. தொழில் சம்பந்தமாக யார் கேட்டாலும் அவர் கை தானாகப் போய்விடும். வைத்தார். இரண்டு கோடும் மூலைமட்டத்தின் இரண்டு விளிம்போடு ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

"பாருங்க, சரியாத்தான் இருக்கு" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது போல வாயை மூடிக்கொண்டார்.

"அதுதான் தப்பு. கண்ணுக்குச் சரியா இருக்கறதுதான் தப்பு." இன்ஸ்பெக்டர் கீழ்மூலையைத் தொட்டாள். "வளாகம் நீளம்னு, தாளுக்குள்ள அடங்க நெடுக்குவாட்டத்தைப் பாதியா அமுக்கியிருக்காங்க. குறுக்கே ஒரு கட்டம் ஒரு மீட்டர், நெடுக்கே ரெண்டு மீட்டர். அப்படி அமுக்கின தாள்ல நிஜமான செங்கோணம் கோணலாத்தான் தெரியும். தாள்ல செங்கோணமா தெரியறது, தரையில செங்கோணமா இருக்காது. தாள்ல மூலைமட்டம் வெச்சுக் கோடு போட்டு, ஓரத்துல இருக்கற மீட்டர் எண்ணைப் பார்த்து அதுலேர்ந்து ரெண்டு புள்ளி படிச்சா ஒரு மீட்டருக்கு எட்டு மீட்டர் இறங்கும். மைனஸ் எட்டு. கணக்குப் போடறவங்களுக்கு இந்த எண் கிடைக்கவே கிடைக்காது. மூலைமட்டம் வைக்கறவங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். இந்த ஆபீஸ்ல அது ஒரே ஒரு சட்டைப்பைலதான் இருக்கு."

மேனேஜர் திரும்பி மேஸ்திரியின் சட்டைப்பையைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஏட்டின் டார்ச்சை வாங்கித் தாளின் மேல் படுக்கைவாட்டில் அடித்தாள். அந்தப் பெண் கெட்டிப் பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தாள். ரப்பர் கறுப்பைத்தான் அழிக்கும், பள்ளத்தை அழிக்காது. கல்லிலிருந்து இன்னொரு கோடு, சரிந்து, பழைய தழும்பு மாதிரி ஓடியது. அது (28, 14) வழியாகப் போனது. பெருக்கல் குறியின் பள்ளம் (22, 14) இல் இருந்தது. ஓரத்தில், அழித்த எழுத்து: y = −2x + 70.

"காலைல ஏழேகாலுக்கு இதைப் பார்த்தீங்க. கோடு கோணலா இருந்துச்சு. சின்னப் பொண்ணு தப்பு பண்ணிடுச்சுன்னு நினைச்சீங்க. அழிச்சு, நேராக்கி, படிச்ச ரெண்டு புள்ளியை வெச்சு சமன்பாட்டையும் மாத்தி எழுதி, புதுக் கோடு குழி மேலயே போனதால குழியையும் நகர்த்தினீங்க. அவன் செத்தப்புறம் எதையும் தொடலைன்னு சொன்னீங்க."

மேஸ்திரி தாளின் மேல் குனிந்தார். அவர் டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோணலா இருந்துச்சும்மா. யார் பார்த்தாலும் கோணல்னுதான் சொல்வாங்க. அது தப்பாப் போட்டதை நான் திருத்தினேன், திருத்தியும் கேபிள் வேற இடத்துல போயிடுச்சு, அப்ப தப்பு அதோட கணக்குலதானேன்னு..." அந்தப் பள்ளத்தின் மேல் விரலை ஓட்டினார். "காலைலேர்ந்து அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." நிமிர்ந்தார். "அப்ப அது போட்டது சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு. நீங்க தொடாம இருந்திருந்தா, குழி கேபிளை விட்டுத் தள்ளி, அஞ்சு மீட்டருக்கு மேலயே இருந்திருக்கும்."

மேஸ்திரி மூலைமட்டத்தை மேஜையின் முனையில் வைத்துப் பார்த்தார். அது அங்கேயும் சரியாகப் பொருந்தியது. முப்பது வருடமாக அது அவரை ஏமாற்றியதில்லை. சுவர் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இருக்கும். காகிதம் அப்படி இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தார்கள், கீழ்மூலையில், பொடி எழுத்தில்.

சுவரோரம் இருந்தவள் முதல் முறையாகப் பேசினாள்.

"அந்தப் பொண்ணு பக்கத்து ரூம்லதானேண்ணே வேலை பாக்குது? ஒரு போன் போட்டு, ஏம்மா இப்படிப் போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்மா."

"ஏன் கேக்கலை?"

அவர் மூலைமட்டத்தைத் தள்ளி வைத்தார். "நேத்து வந்த பிள்ளை. அதுகிட்டப் போய் நான் என்னத்தைக் கேக்கறதுன்னு நினைச்சேன்."

ஏட்டு அவர் தோளைத் தொட்டார். கைவிலங்கை வெளியே எடுக்கவில்லை. மேஸ்திரி மூலைமட்டத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"அந்தப் பொடி எழுத்தை அச்சடிச்ச தாளைக் கொடுத்துட்டு, அதுக்கு என்ன அர்த்தம்னு இவங்களுக்குச் சொல்லிக் கொடுக்காதது யாரு, உயிரோட இருந்த கேபிளை நாலு வருஷமா மறந்தது யாருன்னு உங்ககிட்ட நாளைக்குப் பேசணும்" என்றாள் இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்து. அவருடைய டைப் செய்த லெட்டரை மடித்துத் தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள். அதுவும் ஒரு சாட்சிதான்.

மாலை 5.00. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறப் போனவள் நின்றாள்.

பின்பக்கத்தில் அந்தப் பெண் குழியருகே தனியாக நின்றிருந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி அரைமணி நேரம் ஆகியிருந்தது. அவள் குழியின் விளிம்பிலிருந்து மேற்கே நடந்தாள். ஒரு எட்டு, இரண்டு எட்டு என்று அளந்து வைத்து நடந்தாள். ஆறு மீட்டர் வந்ததும் நின்றாள். அங்கே புல் இருந்தது, ஒரு நசுங்கிய டீ டம்ளர் கிடந்தது, வேறு ஒன்றுமில்லை.

இறந்தவனின் மனைவி மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இங்கயா?"

"இங்கதாங்க" என்றாள் அந்தப் பெண். "இங்க வெட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

அவள் குனிந்து அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இருவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.